கரண்ட் பில்லும் கரியுமிழ்வும்: வீட்டில் ஆற்றலைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மின்சாரத்தையும் எரிவாயுவையும் குறைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் கணக்கெல்லாம் மின்சார யூனிட்டிலும் கார்பன் டை ஆக்சைடு கிலோவிலும்தான். உங்கள் கட்டணத்தால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

1. ஒரு யூனிட்னா என்ன? ஒரு சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு எப்படிக் கணக்குப் போடுறது?

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கருவியின் வாட்டை அது ஓடும் மணிகளால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். 75 வாட் ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். 2000 வாட் கீசர் 20 நிமிடம் ஓடினால் 0.67 யூனிட்.

இந்தக் கணக்கு தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜ், ஏசி, இஸ்திரிப்பெட்டி போன்றவை தாமாகவே நின்று நின்று ஓடும். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் வாட்டை 24ஆல் பெருக்கினால் இல்லாத பூதம் தெரியும். அவற்றை அளந்துதான் பார்க்க வேண்டும். அளக்கும் வழி 3ஆம் கேள்வியில் இருக்கிறது.

2. பில் ரொம்ப வருது. முதல்ல எதைப் பார்க்கணும்?

சூடாக்குவது, குளிர்விப்பது, நிற்காமல் ஓடுவது. இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். அறையைக் குளிர்விக்கும் அல்லது சூடாக்கும் கருவி, வெந்நீர், ஃப்ரிட்ஜ், துணி உலர்த்தி, மின் அடுப்பு ஆகியவையே பெரும்பாலான வீடுகளில் பில்லின் பெரும்பங்கை எழுதுகின்றன. டிவி, லைட், போன் சார்ஜர் எல்லாம் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதால் திட்டு வாங்குகின்றன, அவ்வளவுதான்.

3. எது எவ்வளவு எடுக்குதுன்னு வீட்டு மீட்டரை வச்சே கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அதன் பக்கத்தில் 3200, 1600, 1000 என்று ஏதாவது ஓர் எண் போட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பதே அந்த எண். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை இரு மின்னலுக்கு இடையிலுள்ள விநாடிகளால் வகுத்தால் அந்த நொடியில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 3200 மீட்டரில் இது 1125ஐ விநாடியால் வகுப்பது. 9 விநாடிக்கு ஒரு முறை மின்னினால் 125 வாட்.

ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் கை தடுமாறும். 10 இடைவெளிக்கான நேரத்தை எடுத்து 10ஆல் வகுங்கள். முதல் மின்னலைச் சுழியம் என்று எண்ணத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் ஓர் இடைவெளி குறைந்துவிடும். பிறகு ஒரு கருவியைப் போட்டு, அணைத்து, இரண்டு அளவுகளின் வித்தியாசத்தைப் பாருங்கள்.

நின்று நின்று ஓடும் ஃப்ரிட்ஜுக்கு இது உதவாது. அதற்கு பிளக்கில் செருகும் மின் அளவி ஒன்றை 24 மணி நேரம் மாட்டி வையுங்கள். அது இல்லையென்றால், எல்லோரும் வெளியூர் போகும் நாளில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து, கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. சார்ஜரை பிளக்கிலேயே விட்டுட்டா கரண்ட் வீணாகுமா?

இப்போது வரும் போன் சார்ஜர் சும்மா இருக்கும்போது எடுப்பது 0.1 வாட் அளவில்தான். ஓர் ஆண்டு முழுக்கக் கிடந்தாலும் ஒரு யூனிட் தேறாது. இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

ஆனால் 'ஸ்டாண்ட்பை' எல்லாமே இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வாட் இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 8.76 யூனிட். ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட் எடுக்கும் பழைய செட்டாப் பாக்ஸ் ஆண்டுக்கு 88 யூனிட் தின்னும். பழைய ஹோம் தியேட்டர், பிரிண்டர், ஒலிபெருக்கி, கையில் எடுத்தால் கனக்கும் பழைய மாடல் அடாப்டர் ஆகியவற்றையும் சந்தேகப்படலாம். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் எதுவும் கரண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது.

5. எல்லா பல்பையும் எல்இடி ஆக்கிட்டேன். பில் ஏன் அப்படியே இருக்கு?

முன்பு இருந்தது என்ன என்பதைப் பொறுத்தது. 60 வாட் குண்டு பல்பை 9 வாட் எல்இடியாக மாற்றினால், நாளைக்கு 5 மணி நேரக் கணக்கில் மாதம் ஒரு பல்புக்கு ஏறத்தாழ 7.5 யூனிட் குறையும். ஏற்கெனவே 14 வாட் சிஎஃப்எல் இருந்திருந்தால் குறைவது முக்கால் யூனிட்தான். மாற்றியது நல்லதுதான். ஆனால் பில்லின் பெரும்பகுதி 2ஆம் கேள்வியில் சொன்ன இடங்களில் இருக்கிறது.

6. ஃபேனை 2ல வச்சா 5ல வைக்கிறதை விட கரண்ட் மிச்சமா? புது பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா?

ரெகுலேட்டரைப் பொறுத்தது. சுவரில் பெரிய பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டர், குறைத்த மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தன் உள்ளே சூடாக்கி வீணடிக்கும். சின்ன மின்னணு ரெகுலேட்டரில் அந்த இழப்பு மிகக் குறைவு, மெதுவாக வைத்தால் நிஜமாகவே மிச்சம்.

சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட், மின்னணுச் சுற்றால் ஓடும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஏறத்தாழ 30 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் ஃபேனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 யூனிட் குறையும். விருந்தினர் அறையில் எப்போதோ சுற்றும் ஃபேனை மாற்றுவதில் அர்த்தமில்லை. மாற்றும்போது எலக்ட்ரீஷியனிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பழைய ரெகுலேட்டரைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டு நேராக இணைக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் பிஎல்டிசி ஃபேனின் உள்சுற்று முனகும், விட்டு விட்டு ஓடும், சீக்கிரம் போய்விடும்.

பழைய ஃபேன் முழு வேகத்திலேயே மந்தமாகச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர் தளர்ந்திருக்கும். அதன் மேல் எழுதியுள்ள அதே மைக்ரோஃபாரட் அளவில் மாற்றினால் போதும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனின் மோட்டார் அந்த அறையைக் கொஞ்சம் சூடாக்குவதுதான் மிச்சம்.

7. ஏசியை 18ல வச்சா சீக்கிரம் குளிரும்தானே? அப்புறம் ஏத்திக்கலாம்ல?

சீக்கிரம் குளிராது. நீங்கள் வைக்கும் எண், எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டுமே கருவிக்குச் சொல்கிறது. சாதாரண ஏசியின் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசியும், அறை 34 டிகிரியில் இருக்கும்போது, 24 என்று வைத்தாலும் 18 என்று வைத்தாலும் முழு மூச்சில்தான் தொடங்கும். 18ல் வைத்தால் நடப்பது ஒன்றே: 24ஐத் தாண்டியும் நிற்காமல் ஓடும், நீங்கள் தூங்கிவிடுவீர்கள், ஏற்ற மறந்துவிடுவீர்கள்.

ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் மின்சாரம் குறையும். 26ல் வைத்து ஃபேனை மெல்லச் சுழலவிட்டால், காற்றோட்டத்தால் உடலுக்கு இரண்டு டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். ஃபில்டரை, தினமும் ஓடும் பருவத்தில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். தூசி அடைத்தால் காற்று குறையும், காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஐஸ் கட்டும், ஐஸ் இன்னும் காற்றை மறிக்கும். வெளியே இருக்கும் யூனிட்டின் வெப்பக் காற்று சுவரில் மோதித் திரும்ப அதற்குள்ளேயே போகாதபடி இடம் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

8. கொஞ்ச நேரம் வெளியே போனா ஏசியை ஓடவிடறதா, அணைக்கிறதா? திரும்பக் குளிர வைக்க ரொம்ப இழுக்குமே?

அணையுங்கள். வெளியிலிருந்து அறைக்குள் நுழையும் வெப்பம், வெளிச்சூட்டுக்கும் உள்சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தால் அந்த வித்தியாசம் குறையாமல் இருக்கும், வெப்பமும் அதே அளவு நுழைந்துகொண்டே இருக்கும். அணைத்தால் அறை சூடாகச் சூடாக வித்தியாசம் குறையும், நுழைவதும் குறையும். திரும்ப வந்து போடும்போது அதிக வேலை செய்வது போலத் தோன்றினாலும், மொத்தமாக வெளியேற்ற வேண்டிய வெப்பம் குறைவுதான்.

அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவீர்கள் என்றால் மிச்சம் அற்பம், எப்படிச் செய்தாலும் சரி. அணைத்த உடனே மறுபடி போடுவதை மட்டும் தவிருங்கள். உள்ளே அழுத்தம் சமநிலைக்கு வர மூன்று நிமிடமாவது வேண்டும்.

9. வருஷா வருஷம் ஏசிக்கு கேஸ் ஏத்தணும்னு மெக்கானிக் சொல்றாரே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது, செலவாவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

அந்தக் கேஸ் காற்றில் கலப்பது சாதாரணக் கேடு இல்லை. பூமியைச் சூடாக்குவதில், நூறு ஆண்டுக் கணக்கில், ஆர்-410ஏ என்ற வகைக் கேஸ் ஒரு கிலோ வெளியேறினால் 2088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-22க்கு 1810, ஆர்-32க்கு 675. ஆர்-290 எனப்படும் புரொப்பேனுக்கு ஒற்றை இலக்கம். வீட்டு ஸ்பிளிட் ஏசியில் ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் இருக்கும். ஆர்-410ஏ ஏசி ஒன்றில் அது முழுவதும் போனால், நிலக்கரி மின்சாரம் 2500 யூனிட் எரித்த பாவம். எல்இடி போட்டுச் சேர்த்த புண்ணியமெல்லாம் ஒரே கசிவில் கரைந்துவிடும். இதனால்தான் 2016இல் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தின் மூலம் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன.

மெக்கானிக் வந்தால் கூடவே நில்லுங்கள். குழாய் இணையும் நட்டுகளில் சோப்பு நுரை தடவி, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைத் தேட வேண்டும். அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரை அரிக்கும். பிறகு தராசில் எடை பார்த்து, கருவியில் எழுதியுள்ள கிராம் அளவுக்கு ஏற்ற வேண்டும். ஏசியைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டும்போது கேஸை வெளியே ஊதிவிடாமல், வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைக்கச் சொல்லுங்கள்.

10. ஏசி போட்டும் அறை கொதிக்குது. கூரைக்கு, ஜன்னலுக்கு என்ன செய்யலாம்?

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். நேர் வெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட் வரை கொண்டுவரும். சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். இரண்டு சதுர மீட்டர் மேற்கு ஜன்னல், மாலையில் அறைக்குள் ஒரு ஹீட்டர் ஓடுவதற்குச் சமம். உள்பக்கத் திரை ஓரளவுதான் உதவும், ஏனென்றால் அதைத் தொடும்போதே வெப்பம் வீட்டுக்குள் வந்தாயிற்று. வெளியே தட்டி, சன்ஷேட், மரம், நிழல்வலை எதுவானாலும் அதைவிடப் பலன் தரும். கிழக்கும் மேற்கும்தான் முக்கியம், அங்கே வெயில் சாய்வாக வந்து நேரே நுழைகிறது.

மொட்டை மாடிக்கு வெயிலை எதிரொளிக்கும் வெள்ளைப் பூச்சு நல்ல பலன் தரும். முதலில் விரிசலை அடைத்து, பாசியைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு கை அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் உரியும். தூசி படிந்தால் பலன் இறங்கிவிடும், ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவுங்கள்.

குளிர்ப் பகுதியில் இருப்பவர்களுக்கும் எதிரி அதே வெப்பப் பரிமாற்றம்தான், திசை மட்டும் வேறு. காற்றடிக்கும் நாளில் கதவு, ஜன்னல் ஓரங்களில் ஊதுபத்திப் புகையைக் காட்டினால் எங்கே காற்று நுழைகிறது என்று தெரியும். அங்கே ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஆனால் அறைக்குள் எரிவாயுவோ விறகோ எரிகிறது என்றால் காற்றுத் துளைகளை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும்.

11. ஃப்ரிட்ஜை ராத்திரி அணைச்சு வச்சா மிச்சமாகுமா?

8ஆம் பதிலின் கணக்குப்படி ஏதோ கொஞ்சம் குறையும். ஆனால் உள்ளே 5 டிகிரிக்கு மேல் போனால் கிருமிகள் வேகமாகப் பெருகும், உணவு கெடும். கெட்ட உணவை விளைவிக்கச் செலவான ஆற்றல், நீங்கள் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். அணைக்காதீர்கள்.

கீழ்த்தட்டு 4 டிகிரி, ஃப்ரீஸர் கழித்தல் 18 டிகிரி போதும். கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் வார் தளர்ந்திருக்கிறது. வெந்நீர்த் துணியால் துடைத்து, மடிந்த இடத்தை நீவிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் வாரை மட்டும் மாற்றலாம். ஃப்ரீஸரில் பனி 5 மில்லிமீட்டர் தாண்டினால் அணைத்துக் கரைக்கவும். கத்தியால் கிளறினால் குழாய் ஓட்டையாகும், பிறகு 9ஆம் பதிலின் கதைதான். பின்புறக் காயிலில் தூசியைத் தூரிகையால் தட்டுங்கள்.

12. பழைய ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் ஓடுது. மாத்தணுமா? புதுசு செய்யவும் கரி உமிழ்வாகுமே?

சரியான கேள்வி. முதலில் 3ஆம் பதிலின்படி அளந்து பாருங்கள். பழசு நாளைக்கு 2 யூனிட் எடுத்து, அதே அளவுள்ள புதியது ஒன்றுக்குள் ஓடும் என்றால் ஆண்டுக்கு 365 யூனிட் குறைகிறது. நிலக்கரி மின்சாரத்தில் இது ஏறத்தாழ 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு ஃப்ரிட்ஜைச் செய்து கொண்டுவரச் சில நூறு கிலோ உமிழ்வாகும் என்று வைத்தாலும் ஓரிரு ஆண்டுகளில் ஈடாகிவிடும். வித்தியாசம் நாளைக்குக் கால் யூனிட்தான் என்றால் வைத்திருப்பதே மேல்.

பழசை 'இரண்டாவது ஃப்ரிட்ஜ்' என்று பின்கட்டில் ஓடவிட்டால் எல்லாம் வீண். உடைப்பவரிடம் அப்படியே கொடுப்பதும் ஆபத்து. 1990களுக்கு முந்தைய ஃப்ரிட்ஜில் ஆர்-12 இருக்கக்கூடும், அதன் ஒரு கிலோ பத்தாயிரம் கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கேஸை மீட்டெடுக்கும் முறையான மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள்.

13. நட்சத்திரம் அதிகமா இருந்தா கரண்ட் குறைவுன்னு வச்சுக்கலாமா?

ஒரே அளவுள்ள இரண்டு கருவிகளை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரிய ஐந்து நட்சத்திர ஃப்ரிட்ஜ், சின்ன மூன்று நட்சத்திர ஃப்ரிட்ஜை விட அதிகம் எடுக்கலாம். அளவுகோலையும் அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள், ஆகவே பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. ஆற்றல் சீட்டில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

14. கீசரை எப்பவும் ஆன்ல வச்சா நல்லதா, வேணும்போது போட்டா நல்லதா?

வேண்டும்போது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வேண்டும். 15 லிட்டரை 25லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.61 யூனிட், அதாவது 2000 வாட் கீசரில் 18 நிமிடம். அதற்கு மேல் ஆன்ல வைத்திருப்பது தொட்டியின் சுவர் வழியே போகும் வெப்பத்தை ஈடுகட்டத்தான். குளிக்க 20 நிமிடம் முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணையுங்கள்.

உப்புத் தண்ணீரால் காயிலில் படிவு ஏறினால் கரண்ட் அதிகமாகும் என்று சொல்வார்கள். உண்மையில் அந்த வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது, வீணாவது கொஞ்சம். காயில் தாங்காமல் எரிந்துபோவதுதான் நிஜமான நஷ்டம். ஆண்டுக்கு ஒரு முறை படிவை எடுத்து, மக்னீசியம் தண்டு கரைந்திருந்தால் மாற்றுங்கள், தொட்டி துருப்பிடிக்காது.

15. தெர்மோஸ்டாட்டை 45க்குக் குறைச்சுட்டா இன்னும் மிச்சமாகுமே?

இங்கே மட்டும் கை வைக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமி வளரும், 60ல் சாகும். சேமிப்புத் தொட்டியை எப்போதும் இளஞ்சூட்டில் வைத்திருப்பது எல்லாவற்றையும் விட மோசம். 60ல் காய்ச்சி அணையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கும் என்பதால், வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் தண்ணீரின் அளவு. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் 6 நிமிடம் குளித்தால், 25லிருந்து 40 டிகிரிக்கு, 1.05 யூனிட். 6 லிட்டர் ஷவர் தலை மாட்டினால் 0.63. ஒரு 18 லிட்டர் வாளி என்றால் 0.31.

16. இன்ஸ்டன்ட் ஹீட்டர், சோலார் ஹீட்டர், ஹீட் பம்ப்: எது?

இன்ஸ்டன்ட் ஹீட்டரும் லிட்டருக்கு அதே ஆற்றலைத்தான் எடுக்கும், தேங்கும் இழப்பு மட்டும் இல்லை. 14ஆம் பதிலின்படி அணைத்துப் பழகியவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹீட் பம்ப் காற்றிலிருந்து வெப்பத்தை இழுப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரும். ஆள் அதிகமுள்ள வீட்டுக்கு ஏற்றது, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும்.

சோலார் ஹீட்டர் நிழல் விழாத கூரைக்கு நல்லது. ஆனால் வெயில் இல்லாத நாளுக்காக அதிலுள்ள மின்சாரக் காயிலை எப்போதும் ஆன்ல விட்டால், விடியற்காலையில் மின்சாரம் தொட்டியைக் காய்ச்சி முடித்துவிடும், சூரியனுக்கு வேலை இருக்காது. மழை நாளில் மட்டும் கையால் போடுங்கள்.

17. வாஷிங் மெஷின்ல எந்த மோடு?

பச்சைத் தண்ணீர், முழு லோடு, வேகமான ஸ்பின். வெந்நீர்ச் சலவையில் மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. துணியைக் கொடியில் போட முடியாதவர்கள் உலர்த்தி வாங்கினால் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள், சாதாரண உலர்த்தியில் ஏறத்தாழ பாதிதான் எடுக்கும். ஸ்பின்னில் பிழிந்தெடுக்கும் தண்ணீரை உலர்த்தி ஆவியாக்க வேண்டியதில்லை, அதனால்தான் வேகமான ஸ்பின்.

18. தண்ணி மோட்டார் முன்ன 20 நிமிஷம் ஓடினா டேங்க் நிறையும். இப்ப 35 நிமிஷம் ஆகுது. பரவாயில்லையா?

மின்சாரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் ஏறியிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு சுமார் ஒரு யூனிட் எடுக்கும். ஃபுட் வால்வில் கசிவு, இம்பெல்லர் தேய்மானம், குழாய்க்குள் உப்புப் படிவு, நீர்மட்டம் இறங்கியது ஆகிய நான்கில் ஒன்று காரணம். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் உள்ள தண்ணீர் இறங்கிவிடுகிறது, ஒவ்வொரு முறையும் மேலே தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் ஃபுட் வால்வுதான்.

குழாயைச் சின்னதாகப் போட்டிருந்தால் உராய்வு பல மடங்காகும். அதே ஓட்டத்துக்கு விட்டத்தைப் பாதியாக்கினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்கு. டேங்க் வழிவதையும் ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் கசிவதையும் கவனியுங்கள். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் வண்ணம் கலந்து அரை மணி கழித்துப் பீங்கானில் நிறம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

19. என் வீட்டோட கரியுமிழ்வை எப்படிக் கணக்குப் போடுறது?

மின்சார யூனிட்டை அது எதிலிருந்து வந்தது என்பதால் பெருக்க வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2014இல் தந்த இடைமதிப்புகள், ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டவை: ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், இயற்கை எரிவாயு 490, கூரை சூரியத் தகடு 41, நீர்மின்சாரம் 24, அணு 12, நிலத்துக் காற்றாலை 11. உங்கள் மின்கட்டமைப்பில் எது எத்தனை பங்கு என்று பார்த்துச் சராசரி எடுங்கள். பல நாடுகள் இந்தச் சராசரியை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன.

சிலிண்டர் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ, டீசல் ஒரு லிட்டருக்கு 2.7 கிலோ. சிறிய ஜெனரேட்டர் லிட்டருக்கு 3 யூனிட் அளவில்தான் தரும், ஆகவே அது நிலக்கரி மின்சாரத்தை விடவும் மோசம். இத்துடன் ஏசியில் ஏற்றிய கேஸின் எடையையும் 9ஆம் பதிலின் எண்ணால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். இதைச் சேர்க்க மறப்பவர்களே அதிகம்.

20. அப்ப கேஸ் அடுப்பு நல்லதா, இண்டக்ஷன் நல்லதா?

19ஆம் எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சிலிண்டர் எரிவாயுவில் 12.7 யூனிட் வெப்பம் இருக்கிறது. கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்குள் போவது சுமார் 40 சதவீதம், அதாவது 5 யூனிட். ஆக, பயன்படும் ஒரு யூனிட்டுக்கு 0.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இண்டக்ஷனில் 85 சதவீதம் பாத்திரத்துக்குப் போகும். உங்கள் மின்சாரம் யூனிட்டுக்கு 0.5 கிலோ என்றால் இரண்டும் சமம். அதற்குக் கீழ் இண்டக்ஷன் மேல். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால், கரிக் கணக்கில் மட்டும், கேஸ் தேவலை.

ஆனால் கேஸ் அடுப்பின் நைட்ரஜன் டை ஆக்சைடு சமையலறையிலேயே தங்கும், கட்டமைப்பும் பல இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகி வருகிறது. பகலில் சொந்தச் சூரிய மின்சாரத்தில் சமைப்பவருக்குக் கேள்வியே இல்லை. எந்த அடுப்பானாலும் மூடி போடுங்கள், நெடுநேரம் வேக வேண்டியதைக் குக்கரில் வையுங்கள், கொதித்ததும் தணியுங்கள். தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறினால் அது வெளியே போகும் வெப்பம். நீலம் மாறி மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள்.

21. பிளக்ல செருகினா பில் 30 சதவீதம் குறையும்னு ஒரு பெட்டி விக்கிறாங்களே?

வாங்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரு கண்டென்சரும், எரிகிறது என்று காட்ட ஒரு சின்ன விளக்கும். அது மோட்டார்கள் இழுக்கும் ஆம்பியரைக் குறைக்கலாம். விற்பவர் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியர் இறங்குவதைக் காட்டுவதும் பொய்யில்லை. ஆனால் வீட்டு மீட்டர் கணக்கிடுவது வாட்டை, ஆம்பியரை அல்ல. வாட் மாறுவதில்லை. 3ஆம் பதிலின்படி பெட்டியுடனும் பெட்டியில்லாமலும் மின்னலை எண்ணினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

22. கரண்ட் போனா சமாளிக்க இன்வெர்ட்டர் பேட்டரி வச்சிருக்கோம். அதுவும் இழுக்குமா?

இழுக்கும். ஈய-அமில பேட்டரியில் ஏற்றி, திரும்ப எடுக்கும்போது ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை யூனிட் அளவுக்குச் செலவாகிவிடும். மின்வெட்டே இல்லாத நாளிலும் அது தன்னை நிரப்பி வைத்துக்கொள்ளக் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். முழுக்க ஏறிய பிறகும் பேட்டரி சூடாக இருந்தால், தண்ணீர் அடிக்கடி குறைந்தால், அது தேய்ந்துவிட்டது. மின்சாரம் வாயுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. காற்றோட்டமில்லாத அலமாரியில் வைக்காதீர்கள், வெளிவருவது ஹைட்ரஜன்.

23. கூரையில் சோலார் பேனல் போட்டா கரண்ட் போனாலும் வீடு ஓடும்தானே?

பேட்டரி இல்லாமல் கட்டமைப்போடு இணைத்த சோலார் என்றால் ஓடாது. லைனில் கரண்ட் போனதும் அந்த இன்வெர்ட்டர் தானே அணையும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் ஓடும்.

போடுவதற்கு முன் இதுவரை சொன்னவற்றைச் செய்து தேவையைக் குறைத்துவிடுங்கள், சின்ன அமைப்பே போதும். டேங்க் நிழலோ தென்னங்கீற்றின் நிழலோ ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலும், வரிசையாக இணைத்த பேனல்களில் இழப்பு அந்த மூலையின் அளவைவிடப் பெரிதாக இருக்கும். சூடு ஏறினாலும் உற்பத்தி குறையும், 25 டிகிரிக்கு மேல் டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம். பேனலைக் கூரையோடு ஒட்டாமல் கீழே காற்றுப் போக இடம் விடுங்கள். மோட்டார், சலவை, இஸ்திரி எல்லாவற்றையும் நண்பகலுக்கு மாற்றினால் வந்த மின்சாரம் வீட்டிலேயே செலவாகும்.

24. எல்லாத்தையும் அணைச்சாச்சு. மீட்டர் இன்னும் மின்னுதே?

முதலில் அணைத்தது ஸ்விட்சிலா, ரிமோட்டிலா என்று பாருங்கள். ரிமோட் என்றால் 4ஆம் பதில். அழைப்பு மணி, தண்ணீர் வடிகட்டி, கேமரா, ரவுட்டர், 22ஆம் பதிலின் இன்வெர்ட்டர் எல்லாம் மறந்துபோகிறவை.

அதன் பிறகும் மின்னினால் மெயின் பெட்டியில் ஒவ்வொரு பாதைக்கும் இருக்கும் எம்சிபி ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கியதும் மின்னல் நிற்கிறதோ அந்தப் பாதையில் விஷயம் இருக்கிறது. அந்தப் பாதையில் கருவி ஏதும் இல்லை என்றால், சுவருக்குள் வயரின் காப்புறை பழுதாகிக் கசியலாம், ஈரச்சுவர் உள்ள வீடுகளில் இது நடக்கும். கசிவுமின் காப்பு ஸ்விட்ச் இல்லாத வீடு என்றால் அந்த எம்சிபியை ஏற்றாமல் வைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், குளியலறைப் பாதை என்றால் அன்றைக்கே. மெயினையே இறக்கிய பிறகும் மின்னுகிறது என்றால் மீட்டரிலோ, மீட்டருக்கும் மெயினுக்கும் இடையிலான இணைப்பிலோ பிழை. அதை நீங்கள் திறக்கக் கூடாது, மின்வாரியத்திடம் எழுத்தில் புகார் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். மெயினை இறக்கிய நேரத்தையும் அப்போதைய மீட்டர் எண்ணையும் புகாரில் குறிப்பிடுங்கள்.